இடது கன்னத்து வெல்லம்

சோலைமுத்து தெருமுனை திரும்பினால் போதும், ராமுத்தாய்க்குத் தெரிந்துவிடும். கையிலிருந்த கொட்டாங்குச்சியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். நான்கு வயது முடியாத பிள்ளை. ஓடி வருகிறவள் அப்பன் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தால் அது தப்பு. அவன் தோளில் தொங்குகிற துண்டின் நுனியை எட்டிப் பிடித்து வாயில் வைத்துச் சப்புவாள். அதற்கு வாகாகச் சோலைமுத்து குனிந்து கொடுப்பான். பகலெல்லாம் சுமந்த முதுகு, குனிந்தால் நிமிர நேரமாகும். இருந்தாலும் குனிவான்.

திண்டுக்கல் வெல்ல மண்டியில் அவனுக்கு மூட்டை தூக்குகிற வேலை. பழனிப் பக்கத்திலிருந்து வண்டியிலும் லாரியிலும் வந்து இறங்குகிற, ஓலையில் கட்டின வெல்லச் சிப்பங்களைத் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் வெல்லத்துக்கும் வேர்க்கும். வெல்லத்தின் வேர்வையும் ஆளின் வேர்வையும் கலந்து துண்டில் ஊறிக் காய்ந்தால், துண்டு அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். வாயில் வைத்தால் முதலில் உப்பு, அப்புறம் இனிப்பு.

சிப்பம் உடைந்து சிந்துகிற தூளும், ஓலையில் ஒட்டிக்கொள்கிற கட்டியும் சுமைகாரர்களுக்கு. அது அந்த மண்டி வழக்கம். மற்றவர்கள் அதை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பார்கள். சோலைமுத்து மட்டும் நெல்லிக்காய் அளவுக் கட்டி ஒன்றைப் பொறுக்கித் துண்டு நுனியில் முடிந்துகொள்வான்.

கோழி கூப்பிடும்போது அவன் வேலைக்குக் கிளம்புவான். அப்போது பிள்ளை தூக்கத்தில் கிடக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தால், கொஞ்ச நேரத்தில் அதற்கு மறுபடியும் தூக்கம் வந்துவிடும். இடையில் கிடைப்பதுதான் அப்பனுக்கும் மகளுக்கும். கஞ்சியைக் குடித்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்காருவான். ராமுத்தாய் மடியில் ஏறுவாள். அவன் முடிச்சை அவிழ்ப்பான், அவள் வாயைத் திறப்பாள். வெல்லம் இடது கன்னத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பேச்சில்லை. அவன் அவ்வப்போது அந்தக் கன்னத்து உப்பலை விரலால் தட்டுவான்.

"கரைஞ்சிருச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டுவாள்.

செத்த நேரம் கழித்து, "இப்ப?"

மறுபடியும் தலையாட்டல்.

கடைசியில் கன்னம் ஒட்டிவிடும். "கரைஞ்சுபோச்சு. போ தாயி, ஆத்தாகிட்டப் போய்ப் படு" என்று இறக்கிவிட்டு, அப்படியே சாய்ந்துவிடுவான். சில நாள் கரைவதற்கு முன்பே அவள் மடியில் தூங்கிப்போவாள். கட்டி கன்னத்திலேயே கிடக்கும்.

இந்த வெல்லத்துக்குச் சோலைமுத்து நன்றிக் கடன் பட்டவன். முன்னால் அவன் தோல் ஷாப்பில் இருந்தான். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஊறின தோலை இழுத்துப் போடுகிற வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை போகாது. அப்போது பிள்ளைக்கு ஒன்றரை வயது. அவன் கையை நீட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு ஆத்தாள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தங்கின ஒன்றும் தன்னைக் கண்டு அழுகிறதே என்று உள்ளுக்குள் குமைந்தான். மண்டியில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், அதே பிள்ளை தத்தித் தத்தி வந்து அவன் துண்டைப் பிடித்து வாயில் வைத்தது. அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

அதனால் பிள்ளையின் பல் ஓரம் கறுத்தபோது, அவன் பார்த்தும் பாராதவன் மாதிரி இருந்தான்.

அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளும் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வெங்காய மண்டியில் காய் பொறுக்குகிற வேலை. பகலில் பிள்ளையை அடுத்த வீட்டு அஜீஸுன்னிசாவிடம் விட்டுவிட்டுப் போவாள். அஜீஸுன்னிசாவின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். கைப்பிள்ளைக்கு ஏங்கிக் கிடந்தவள், ராமுத்தாய் முகம் கோணினாலே சீனி தூக்கலாகப் போட்ட டீயில் வர்க்கியை நனைத்து ஊட்டிவிடுவாள். சோறு வேண்டாம் என்றால் இன்னொரு வர்க்கி. அந்தப் பிள்ளை மேல் எல்லோருக்கும் ஆசை. ஆசையெல்லாம் இனிப்பாகவே போய்க்கொண்டிருந்தது.

மண்டியில் கூட வேலை செய்கிற மூக்கையாவிடம் சோலைமுத்து ஒருநாள் பேச்சோடு பேச்சாகப் பிள்ளையின் பல்லைப் பற்றிச் சொன்னான்.

"அட போ மாப்ள, விழுகிற பல்லுதான. அதுக்கா இம்புட்டுக் கவல?" என்றான் மூக்கையா. "என்னயப் பாரு. விழுந்து மொளச்சதே விழுந்துருச்சு. கறி திங்காமயா இருக்கேன்?"

அவனுக்கு மேல் வரிசையில் மூன்றே பல்.

"அந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு பேச்சுவார்த்த இல்லாம நிக்கிதே மச்சான்."

"பேசுனாத்தான சண்ட வரும்?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மூக்கையா அடுத்த சிப்பத்துக்குத் தோளைக் கொடுத்தான்.

ஆடி மாதம் வலி வந்தது. பிள்ளை சோற்றை வாயில் வைத்துவிட்டு அழுதது. ஒச்சம்மாள் யார் பேச்சையோ கேட்டுப் பல் பூச்சி எடுக்கிறவளிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, பிள்ளையின் வாய்க்குப் புகை காட்டி, ஓர் இலையில் வெள்ளையாக ஒரு புழுவை எடுத்து வைத்தாள்.

"புழு எப்பிடி இருந்துச்சு?" என்று மண்டியில் விசாரித்தான் மூக்கையா.

"கத்திரிக்காப் புழு மாதிரின்னு ஒச்சம்மா சொன்னா."

"அப்ப அது கத்திரிக்காப் புழுதான் மாப்ள."

மூக்கையா சொன்னதுதான் சரியாகப் போயிற்று. மூன்றாம் நாள் இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கொண்டது. உடம்பு கொதித்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்கு ஒரு பல் டாக்டரம்மா வருவார் என்று கேள்விப்பட்டு, சோலைமுத்து மண்டிக்கு அரைநாள் மட்டம் போட, புருஷனும் பெண்டாட்டியுமாகப் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள்.

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"படுக்கும்போது வாயில என்ன வச்சிருப்பா?"

ஒச்சம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா."

டாக்டரம்மாவின் கண் அவன் தோளுக்குப் போயிற்று. துண்டின் மேல் எறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. கழுத்துக்கு ஏறிவிட்ட ஒன்றை அவன் தட்டிவிட்டான்.

"எறும்புக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா?" என்றார். அதட்டிக் கேட்கவில்லை, சிரிப்பாகத்தான் கேட்டார். அதற்கு மேல் மறைக்க முடியாமல் சோலைமுத்து துண்டு, முடிச்சு, மடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வர்க்கியை ஒச்சம்மாள் சொன்னாள்.

"எல்லாப் பிள்ளைங்களும்தான் வெல்லம் திங்குது. கடிச்சு மென்னு முழுங்கிட்டு ஓடிரும். இவளுக்கு வலது பக்கம் தேவலை. இடது பக்கக் கடவாய்ப்பல் ரெண்டும் குழி விழுந்து சீழ் வச்சிருக்கு. அங்கேயே மணிக்கணக்கா அடக்கி வச்சிருக்கா. ஏன் அப்படி?"

"தெரியலீங்கம்மா. மெதுவாத் திங்கிற புள்ள."

"விழுற பல்தானேன்னு விட்டிருப்பீங்க. இந்தக் கடவாய்ப்பல் பத்து வயசு வரைக்கும் நிக்க வேண்டியது. ஏன் இப்படி மெலிஞ்சிருக்கான்னு நினைக்கிறீங்க? சோறு பிடிக்காம இல்ல. மெல்ல முடியல அவளால."

அந்தக் கடைசிச் சொல் சோலைமுத்துவை அடித்துப் போட்டது. சோறு தின்ன அடம் பிடிக்கிறாள் என்று எத்தனை தடவை அதட்டியிருக்கிறான்.

வீக்கம் வற்ற மருந்து கொடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லி, அந்த இரண்டு பல்லையும் எடுத்தார்கள். ஒச்சம்மாள் பிள்ளையைத் தொடை நடுவே இடுக்கி, தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சோலைமுத்துவால் உள்ளே நிற்க முடியவில்லை. வெளியே புங்கமரத்தடிக்குப் போனவன், பிள்ளையின் அலறல் கேட்டதும் துண்டால் காதைப் பொத்திக்கொண்டான்.

போகும்போது டாக்டரம்மா சொன்னது இதுதான். இனிப்பே கூடாது என்பதில்லை. எப்போதாவது சோற்றோடு சேர்த்துக் கொடுக்கலாம். தின்றதும் வாய் கொப்புளிக்க வேண்டும். விடிந்தாலும் படுத்தாலும் விரலால் பல்லைத் தேய்த்துவிட வேண்டும். படுக்கும்போது வாயில் ஒன்றும் இருக்கக் கூடாது. "மிச்சமிருக்கிற பல்லாவது அவளுக்கு நிக்கட்டும்."

விஷயம் தெரிந்ததும் அஜீஸுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லா! நாந்தேன் கெடுத்தேனா? புள்ள சிரிக்கட்டும்னுதான அண்ணே குடுத்தேன்?"

"நீ மட்டுமா தங்கச்சி, நாங்களும்தான்" என்றான் சோலைமுத்து.

மறுநாளிலிருந்து அவள் வர்க்கியை நிறுத்திவிட்டு, குழையக் குழையப் பருப்புச் சோறு பிசைந்து வைத்துக்கொண்டு கதை சொல்லி ஊட்டினாள். ஒச்சம்மாள் எங்கோ இருந்து சுமந்து வருகிற நல்ல தண்ணீரில் ஒரு செம்பை எடுத்து, உப்புப் போட்டுப் பிள்ளைக்கென்று தனியாக மூடி வைத்தாள். பெண்கள் இரண்டு பேரும் அவரவர் பங்கைச் சரி செய்துகொண்டார்கள். மீதி இருந்தது சோலைமுத்துவின் பங்கு.

அவன் மண்டித் தொட்டியில் துண்டை அலசினான். ஒரு தடவை அலசினால் போகிற பிசுக்கா அது? மூன்று தடவை கும்மிப் பிழிந்தான்.

"என்ன மாப்ள, துண்டுக்குத் தலத் தீபாவளியா?" என்றான் மூக்கையா.

"புள்ளைக்கு ஆகாதாம்யா."

"அப்ப வெறுங்கையோடவா போற?"

சோலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். வெறுங்கையோடு போனால் அவள் வருவாளா? தோல் ஷாப் வாடைக்கு மூஞ்சியைத் திருப்பின பிள்ளை. வந்ததெல்லாம் வெல்லத்துக்குத்தானே? இந்த இரண்டு வருஷமும் தன்னைக் கண்டா ஓடி வந்தாள்? துண்டைக் கண்டல்லவா ஓடி வந்தாள்?

அன்று சாயங்காலம் ராமுத்தாய் வழக்கம் போல ஓடி வந்தாள். பல் எடுத்த பக்கம் இன்னும் லேசாகத் தடித்திருந்தது. துண்டைப் பிடித்துச் சப்பினாள். நிறுத்தினாள். துண்டைப் புரட்டி அடுத்த நுனியைச் சப்பிப் பார்த்தாள். பிறகு அப்பன் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் துண்டைக் கையிலிருந்து விட்டாள்.

"இனிமே வெல்லம் கிடையாது தாயி. பல்லு போயிரும்."

கஞ்சி குடித்துவிட்டு அவன் சுவரில் சாய்ந்தபோது, அவள் எதிர்ச் சுவர் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? காலை மடக்கிக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டான்.

இரண்டாம் நாள் தெருமுனை வரை வரவில்லை. மூன்றாம் நாள் அஜீஸுன்னிசா வீட்டு வாசலில் ஆட்டுக்குட்டியோடு இருந்தவள், அவன் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. வழியில் முறுக்கு வாங்கிப் போனான். மென்றால் வலிக்கும் என்று ஒச்சம்மாள் பிடுங்கி வைத்துவிட்டாள். கனகாம்பரம் வாங்கிப் போனான். ராமுத்தாய் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆத்தாளிடம் போய்ப் படுத்துவிட்டாள்.

மண்டியில் சிப்பம் இரண்டு மடங்கு கனத்தது. பழனி வண்டிக்காரர் ஒருவர், "ஏனுங்க, உடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டார். நான்காம் நாள் மத்தியானம் ஒரு சிப்பம் ஓரம் கிழிந்து, பொன் நிறத்தில் ஒரு கட்டி அவன் காலடியில் உருண்டு வந்து நின்றது. சோலைமுத்து அதைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது. ஒரே ஒரு தரம், இவ்வளவு போல, கொடுத்துவிட்டு உடனே கொப்புளிக்கச் சொன்னால் என்ன? பாதியாக உடைத்தான். பாதியையும் பாதியாக உடைத்தான். புளியங்கொட்டை அளவில் ஒன்றைத் துண்டில் முடிந்துகொண்டான்.

வழியெல்லாம் அந்த முடிச்சு தோளில் குத்திக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ராமுத்தாயின் கண் நேரே முடிச்சில் விழுந்தது. எழுந்து நின்றாள். சோலைமுத்து உட்கார்ந்து, அடுப்படியை ஒருதரம் பார்த்துவிட்டு, முடிச்சில் கை வைத்தான். ஒச்சம்மாள் அகப்பையும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"ஏய்யா, அது என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா, துளியூண்டு."

"துளியூண்டா?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனும் போட்டிருப்பான். "பல்லப் புடுங்குறப்ப மரத்தடிக்கு ஓடிப்போய்ட்ட. தலையப் புடிச்சிருந்தது நானு. இந்தா, இந்தக் கையில இருக்கு பாரு அவ பிறாண்டுனது. இன்னொரு பல்லுக்கு நீ புடிக்கிறியா? புடிக்கிறேன்னு சொல்லு, குடுத்துக்க."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து நாலு கோடு, காய்ந்து கறுத்திருந்தது.

"அவ எங்கிட்ட வரமாட்டேங்குறாடி" என்றான். சொன்ன பிறகுதான் அதை வெளியே சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது.

ஒச்சம்மாள் அகப்பையைத் தாழ்த்தினாள்.

சோலைமுத்து முடிச்சை அவிழ்த்து வெல்லத்தை எடுத்தான். வாசலுக்குப் போய்த் தெருவைத் தாண்டி விட்டெறிந்தான். அது எங்கே போய் விழுந்தது என்று ராமுத்தாய் எட்டிப் பார்த்தாள். அழுவாள் என்று அவன் காத்திருந்தான். அழவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பானை வைத்திருக்கிற மூலைக்குப் போய்விட்டாள். அவன் திரும்பி வந்து சுவரில் சாய்ந்தான். காலை நீட்டினான். அன்றைக்கு மடக்கத் தோன்றவில்லை, அவ்வளவு அசதி.

மூலையிலிருந்து அவள் வந்தாள். இடது கன்னம் உப்பியிருந்தது.

சோலைமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னத்தடி வாயில போட்ட? தொற, வாயத் தொற! இந்தா, வெல்லத்த எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கா இவ!"

ஒச்சம்மாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேருமாகப் பிள்ளையின் மோவாயைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. பல் இருந்த இடத்தில் சிவப்பாகச் சதை மூடிக்கொண்டிருந்தது. நாக்கைத்தான் மடித்துக் கன்னத்தில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

"என்ன தாயி இது?"

"வெல்லம்" என்றாள் ராமுத்தாய்.

"எங்க இருக்கு? ஒண்ணும் காணமே."

"இருக்கு." அவன் கையை மோவாயிலிருந்து விலக்கிவிட்டு, நீட்டின காலில் மிதித்து ஏறி மடியில் உட்கார்ந்தாள். முதுகை அவன் நெஞ்சில் சாய்த்து, கன்னத்தை மறுபடியும் உப்ப வைத்துக்கொண்டாள். நாக்கு மடங்கியிருந்ததால் பேச்சு குழறியது.

"இன்னும் கரையல. நீ எறக்கி விட்றாத."

ஏன் அப்படி அடக்கி வச்சிருக்கா என்று டாக்டரம்மா கேட்டது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. தெரியலீங்கம்மா என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. கரைந்தால் மடி போய்விடும் என்று, கடிக்காமல், மெல்லாமல், வலிக்கிற பல்லோடு அதைக் காத்துக் காத்து வைத்திருந்திருக்கிறது இந்தச் சுண்டைக்காய். இவனோ கரைந்துவிட்டதா, கரைந்துவிட்டதா என்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஒச்சம்மாள் விளக்கை மாடத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வெங்காய வாட இன்னும் கண்ணுல எரியுது" என்றாள், ஒருவரும் கேட்காமலே.

பிறகு உப்புத் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். மடியில் இருந்தபடியே பிள்ளை கொப்புளித்தது. பாதித் தண்ணீர் சோலைமுத்துவின் வேட்டியில். அவன் கறுத்துத் தடித்த ஆள்காட்டி விரலை நனைத்து, சிப்பம் பிடித்துப் பிடித்துக் காய்த்த அந்த விரலால், மிச்சமிருந்த பல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டான். ராமுத்தாய் ஒருதரம் கடித்தாள். கடி நல்ல கடிதான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாய் துடைத்ததும் அவள் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டாள். செத்த நேரம் கழித்து அவன் விரலால் தட்டினான்.

"கரைஞ்சிருச்சா?"

தலையாட்டல்.

"கரையாது. நல்ல கெட்டி வெல்லம்" என்றான்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. நாக்கு நழுவி, கன்னம் தானாக ஒட்டிக்கொண்டது. ஒச்சம்மாள் பாயை உதறிப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். சோலைமுத்து, இன்னும் கரையவில்லை என்று தலையை ஆட்டினான்.